நார்ச்சத்தின் நீளம் எவ்வளவு?

திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் வடிகட்டிப் பிழிந்து, பாலைப் பாத்திரத்தில் அசையாமல் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் வெள்ளை மாவு அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். மேலே மங்கலாக நிற்கும் தண்ணீரை மெல்ல இறுத்துக் கொட்டிவிடுவார்கள். கொட்டும் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டுத் தேய்த்தால் குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்காது, லேசாக வழவழக்கும். அந்த வழவழப்பில் ஒரு பங்கு கோதுமையின் கரையும் நார்ச்சத்து. அராபினோசைலான் என்று அதற்குப் பெயர். தவிடும் புரதமும் பெரும்பாலும் சக்கையோடு போகின்றன, கரையும் நாரில் பெரும்பங்கு மேல் தண்ணீரோடு போகிறது, வாணலிக்குப் போவது ஏறக்குறைய ஸ்டார்ச் மட்டும். அல்வாவின் பளபளப்புக்கும் இழுவைக்கும் அதுதான் காரணம். அல்வா ஓர் இனிப்பு, அதை மருந்துக் கணக்கில் பார்க்க வேண்டியதில்லை. தானியத்தில் தண்ணீரில் கரைந்து வரும் ஒரு நார் இருக்கிறது, அது தண்ணீரைக் கொழகொழப்பாக்குகிறது என்பதைக் கையால் தொட்டு அறிய இதைவிட நல்ல இடம் நம் ஊரில் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் எந்த அண்ணாச்சி கடையிலும் இன்று ஓட்ஸ் பாக்கெட் தொங்குகிறது. பார்லி அரிசி முன்பு நாட்டு மருந்துக் கடையில்தான் கிடைக்கும், இப்போது மளிகைக் கடைக்கே வந்துவிட்டது. சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்குகிறார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் சொன்னது. பாக்கெட்டின் முதுகில் நார்ச்சத்து இத்தனை கிராம் என்று போட்டிருக்கும். 100 கிராம் உணவில் 3 கிராம் நார் இருந்தால் ‘நார்ச்சத்து உள்ளது’ என்றும், 6 கிராம் இருந்தால் ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்றும் போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இடம் தருகிறது. இரண்டும் எடைக் கணக்கு. அந்த நாரின் இழை நீளமா, துண்டு துண்டாக நறுக்கப்பட்டதா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆனால் நம் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பதில் அந்த நீளத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதைச் சப்பாத்தியில் வைத்தே சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் சங்கீதா தொண்ட்ரே, ஜெயக்குமார் ஹென்றி இருவரும் பார்லியிலிருந்து எடுத்த பீட்டா-குளுக்கான் என்ற கரையும் நாரைச் சப்பாத்தி மாவில் வெவ்வேறு அளவுகளில் கலந்து ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நார் நீள இழை கொண்டது. 2009-ல் வந்த அந்த ஆய்வில், ஒரு வேளைக்கு 4 கிராம் அளவுக்கு நார் சேர்ந்த சப்பாத்தி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது நன்றாகவே குறைந்தது. பிறகு அதே பீட்டா-குளுக்கானில் இழை குட்டையான வகையை எடுத்துச் சோதித்தார்கள். அது மிகத் தூய்மையானது, எடையிலும் குறைவில்லை. சர்க்கரை ஏறுவதில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு சப்பாத்தியையும் பாக்கெட்டில் போட்டு விற்றால் இரண்டின் முதுகிலும் ஒரே எண்ணைத்தான் அச்சடிக்க முடியும்.

பீட்டா-குளுக்கான் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் ஸ்டார்ச்சில் உள்ள பிணைப்பை நம் எச்சிலும் கணையநீரும் வெட்டிவிடும், பீட்டா-குளுக்கான் சங்கிலியின் பீட்டா பிணைப்பை நம் உடலின் எந்த நொதியாலும் வெட்ட முடியாது. அதனால்தான் அது நார். பருத்தியில் இருக்கும் செல்லுலோஸிலும் இதே பீட்டா பிணைப்புதான் இருக்கிறது. செல்லுலோஸ் சங்கிலிகள் நேராக இருப்பதால் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன, தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை. ஓட்ஸ், பார்லியின் சங்கிலியிலோ மூன்று நான்கு கண்ணிகளுக்கு ஒருமுறை வேறு கோணத்தில் ஒரு பிணைப்பு வந்து சங்கிலியை மடக்கிவிடுகிறது. மடங்கியவை நெருக்கமாக அடுக்காது. தண்ணீர் புகுந்துகொள்ளும், நார் கரையும்.

மூலக்கூறின் அளவை டால்டன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை. குளுக்கோஸ் ஒன்றின் எடை 180, சங்கிலியில் சேரும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து 162 ஆகிறது. ஓட்ஸ் தானியத்துக்குள் இருக்கும் பீட்டா-குளுக்கான் சராசரியாக 20 லட்சம் டால்டனை ஒட்டி வரும். அதாவது ஒரே சங்கிலியில் 12,000-க்கும் மேற்பட்ட குளுக்கோஸ் கண்ணிகள். இழுத்து நீட்டினால் ஒரு மில்லிமீட்டரில் 160-ல் ஒரு பங்கு வரை வரும், நம் ரத்தத்தின் சிவப்பணு ஒன்றின் அகலத்துக்குச் சற்றே குறைவு. மூலக்கூறு என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் தோன்றும் அளவை வைத்துப் பார்த்தால் இது ராட்சத நீளம். கோதுமையின் கரையும் அராபினோசைலான் இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், இரண்டு மூன்று லட்சம் டால்டன்.

நீளத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நீளச் சங்கிலிகள் தண்ணீரில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னினால் கரைசல் கெட்டிப்படும். போதுமான அளவு நார் கரைந்திருக்கும் கரைசலில் சங்கிலியின் நீளத்தைப் பாதியாக்கினால் கொழகொழப்பு பாதியாகக் குறைவதோடு நிற்பதில்லை, பத்தில் ஒரு பங்குக்கே இறங்கிவிடக்கூடும். இந்தக் கொழகொழப்பு இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, சிறுகுடலில் சர்க்கரை குடல் சுவரைத் தொடுவதையும் மெதுவாக்குகிறது. பித்த அமிலங்கள் மறுபடி உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. இழந்த பித்தத்தை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துப் புதிதாகப் பித்தம் செய்கிறது, கெட்ட கொழுப்பு குறைகிறது. கனடாவின் பீட்டர் வுட் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்ஸ் பசை கலந்த குளுக்கோஸ் பானம் குடித்தவர்களுக்குச் சர்க்கரையிலும் இன்சுலினிலும் ஏற்பட்ட மாற்றத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கையும் அதற்கு மேலும் அந்தப் பானத்தின் பாகுத்தன்மையை, அதாவது இதே கொழகொழப்பை, வைத்தே விளக்கிவிட முடிந்தது.

கொழுப்புக்கும் அதே கதை. 2010-ல் தாமஸ் வோலெவர், சூசன் டாஷ் ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட சோதனையில் பல ஊர்களைச் சேர்ந்த முந்நூற்றுக்கும் அதிகமானோரில் பெரும்பாலோர் நான்கு வாரம் ஓட்ஸ் தவிட்டு உணவு சாப்பிட்டார்கள். ஒரே தவிடு. இயந்திரத்தில் அழுத்திச் சூடாக்கும் விதத்தை மட்டும் மாற்றி, சங்கிலி 22 லட்சம், 8.5 லட்சம், 5.3 லட்சம், 2.1 லட்சம் டால்டன் என்று நான்கு நீளங்களில் வரும்படி செய்திருந்தார்கள். முதல் மூன்றிலும் கெட்ட கொழுப்பு 5 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. 2.1 லட்சத்தில் பலன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தக் குட்டை வகையை நாளுக்கு 4 கிராம் கொடுத்தும் இதுதான் நிலை. 22 லட்சம் வகைக்கு 3 கிராமே போதுமானதாக இருந்தது.

சரி, கண்ணுக்குத் தெரியாத சங்கிலியின் நீளத்தை எப்படி அளக்கிறார்கள்? இதில் பாதி வேலை அளப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தானியத்துக்குள்ளேயே இந்தச் சங்கிலியை வெட்டும் நொதிகள் உறங்கிக்கிடக்கின்றன. முளைக்கும் விதை தன் செல் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வர அவை வேண்டும். அரைத்த மாவில் தண்ணீர் பட்டதும் அவை விழித்துக்கொண்டு நறுக்கத் தொடங்கிவிடும். அதனால் மாவை முதலில் ஆல்கஹால் கலந்த நீரில் கொதிக்க வைத்து நொதிகளைச் சாகடிக்கிறார்கள். பிறகு ஏறக்குறைய 90 டிகிரி வெந்நீரில் நாரைக் கரைத்தெடுக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஸ்டார்ச்சும் கஞ்சியாகிக் கூடவே வந்துவிடும். சூடு தாங்கும் அமைலேஸ் நொதியைச் சேர்த்து ஸ்டார்ச்சை மட்டும் நறுக்கித் தள்ளுகிறார்கள். அந்த அமைலேஸில் பீட்டா-குளுக்கானை வெட்டும் வேறு நொதி துளி கலந்திருந்தாலும் போச்சு, கிடைக்கும் எண் பொய்யாகிவிடும். சுழற்றித் தெளிய வைத்து, நுண்வடிகட்டியில் வடித்த பிறகே கருவிக்குப் போகிறது.

கருவியின் உயிர் ஒரு குழாயில் இருக்கிறது. அதற்குள் நுண்துளைகள் நிறைந்த மணிகளை நெருக்கமாக அடைத்திருப்பார்கள். ஒரு முனையில் கரைசலை விட்டுத் தண்ணீரை ஓடவிட்டால் சிறிய மூலக்கூறு முதலில் வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் பெரிய தேர் ரதவீதியை விட்டு எந்தச் சந்துக்குள்ளும் நுழைய முடியாது, வீதியோடு போய் நிலைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். கூட வந்த பிள்ளைகளோ ஒவ்வொரு சந்திலும் புகுந்து புறப்பட்டுக் கடைசியில்தான் வருவார்கள். நீளச் சங்கிலிகள் மணிகளின் துளைக்குள் நுழைய முடியாமல் இடைவெளி வழியாகவே ஓடி முதலில் வெளியேறும். குட்டைச் சங்கிலிகள் துளைதோறும் புகுந்து தாமதமாகும். இந்த முறையை ஸ்வீடனின் போரத்தும் ஃப்ளோடினும் 1959-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். நீளம் தெரிந்த மாதிரிகளை முன்கூட்டியே ஓடவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் வெளிவந்தால் எத்தனை டால்டன் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்வார்கள்.

வெளியே வருவதில் எது பீட்டா-குளுக்கான், எது மற்றது என்று பிரிப்பதற்குக் கால்கோஃப்ளூர் என்ற சாயம் உதவுகிறது. துணிக்கு வெண்மை கூட்டச் சலவைத்தூளில் சேர்க்கும் ஒளிர்பொருள் வகையைச் சேர்ந்தது. பீட்டா-குளுக்கானோடு ஒட்டியதும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். ஸ்டார்ச்சோடு ஒட்டாது. இதை நன்றாகப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தாரும் உண்டு. மருத்துவர்களுக்கு முன்பே இந்த நாரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் பீர் வடிப்பவர்கள்தான். பார்லியின் நீளச் சங்கிலி கரைசலைக் கெட்டியாக்கி அவர்களுடைய வடிகட்டியை அடைத்துக்கொண்டிருந்தது.

ஒளியை நேரடியாகச் சிதறவிட்டும் அளக்கலாம். பெரிய மூலக்கூறு அதிகமாகச் சிதறடிக்கும், கோணத்துக்குக் கோணம் சிதறல் மாறும் விதத்திலிருந்து அதன் பருமனும் தெரியும். சர் சி.வி. ராமன் 1922-ல் கல்கத்தாவில் ஒளியின் மூலக்கூறுச் சிதறல் பற்றித் தனி நூலே எழுதியவர். அந்தத் துறையின் கணக்கைச் சங்கிலி மூலக்கூறுகளின் எடைக்குப் பொருத்திக் காட்டியவர் 1944-ல் பீட்டர் டிபை. இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. பீட்டா-குளுக்கான் சங்கிலிகள் சில சமயம் தங்களுக்குள் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும், ஒளிக்கு அந்தக் கொத்து ஒரே பெரிய மூலக்கூறாகத் தெரியும். ஒரே மாதிரிக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ‘சராசரி’. இயற்கையில் எல்லாச் சங்கிலியும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. 20 லட்சம் டால்டன் சங்கிலி ஒன்று, 1 லட்சம் டால்டன் சங்கிலிகள் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கணக்கில் வகுத்தால் சராசரி 2.9 லட்சம். எடைக்குத் தக்க மதிப்புக் கொடுத்துக் கணக்கிட்டால் அதே பத்துச் சங்கிலிகளின் சராசரி 14.1 லட்சம். இரண்டும் சரியான கணக்கே. ஆனால் எந்தச் சராசரி என்று சொல்லாமல் தரும் எண்ணை நம்பக் கூடாது.

இவ்வளவு விலையுயர்ந்த கருவி இல்லாமலும் ஓரளவு அளக்க முடியும். வேதியியல் படித்த எல்லோரும் ஆஸ்ட்வால்டு பாகுமானியைக் கையில் பிடித்திருப்பார்கள். ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாய், ஒரு கையில் சிறு குமிழ், குமிழின் மேலும் கீழும் ஒரு கோடு, அதன் கீழே மயிரிழை போன்ற துளை. கரைசலை மேல் கோட்டுக்கு மேலே உறிஞ்சி ஏற்றி விட்டுவிட வேண்டும். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தில் பிடிக்க வேண்டும். சூடு ஒரு டிகிரி மாறினாலும் நேரம் மாறிவிடும் என்பதால் குழாய் தண்ணீர்த் தொட்டியில் நின்றுகொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் இறங்கும் நேரத்தையும், நான்கைந்து செறிவுகளில் கரைசல் இறங்கும் நேரங்களையும் எடுத்துக் கோடு வரைந்தால் சங்கிலியின் சராசரி நீளத்தைக் கணித்துவிடலாம். பாகுத்தன்மைக்கும் சங்கிலி நீளத்துக்கும் உறவு உண்டு என்று எடுத்துக்காட்டிய ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1953-ல் நோபல் பரிசு வாங்கினார்.

சங்கிலி எங்கே வெட்டுப்படுகிறது என்பது சமைப்பவர்களுக்குத் தேவையான செய்தி. ஸ்வீடனின் பெர் ஓமன் குழு 2004-ல் கடையில் கிடைக்கும் ஓட்ஸ் உணவுகளை அளந்து பார்த்தது. தட்டை ஓட்ஸிலும் தவிட்டிலும் சங்கிலி ஏறக்குறைய முழுதாக இருந்தது. ரொட்டியிலும் தண்ணீர் ஊற்றிக் கரைத்து வைத்த மாவிலும் நறுங்கிப்போயிருந்தது. குற்றவாளி சூடு அல்ல, கூடச் சேர்த்த கோதுமை மாவின் நொதியும் ஊறும் நேரமும்தான். ஓட்ஸ் ஆலையிலேயே ஆவியில் வாட்டப்படுவதால் அதன் சொந்த நொதிகள் அங்கேயே செத்துவிடுகின்றன. அதனால் ஓட்ஸ் கஞ்சியை அடுப்பில் சில நிமிடம் கொதிக்கவிடுவதால் நட்டம் ஒன்றும் இல்லை. ஓட்ஸ் மாவையோ பார்லி மாவையோ தோசை மாவில் முதல் நாள் இரவே கலந்து புளிக்க விடுவதைவிட வார்ப்பதற்குச் சற்று முன் கலப்பது நல்லது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு. சப்பாத்தி மாவில் கலந்தால் பிசைந்ததைச் சீக்கிரம் சுட்டுவிடுங்கள். பார்லிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் பீட்டா-குளுக்கான் தவிட்டில் மட்டும் ஒதுங்கியிருக்காமல் மணி முழுவதும் பரவியிருப்பதால், தீட்டிய பார்லி அரிசியிலும் இருக்கிறது. வேகவைத்து மேல் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு மணியைக் கொட்டுபவர்கள் அந்த நாரில் கணிசமான பங்கைக் கொட்டுகிறார்கள். குட்டைச் சங்கிலியும் அப்படியே வீண் என்று சொல்லவில்லை. பெருங்குடலின் பாக்டீரியாக்கள் அதையும் உண்டு நமக்கு நல்லது செய்யும். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எதிர்பார்க்கும் பலன்தான் அதில் குறைவு.

நம் பக்கத்துத் தானியங்களுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனம் நெல்லின் நாடு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 போன்ற குண்டு ரகங்களை இட்லிக்கென்றே தேடி வாங்குகிறார்கள். ஆனால் அரிசியில், அதிலும் தீட்டிய அரிசியில், கரையும் நார் மிகமிகக் கொஞ்சம். இட்லியின் மென்மையைக் கொடுக்கும் கொழகொழப்பு உளுந்திலிருந்து வருகிறது. அது அராபினோகேலக்டான் என்ற கரையும் நாரின் வேலை என்று 1970-களில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசீலம்மாவும் எம்.வி.எல். ராவும் காட்டினார்கள். உளுந்து தானியம் அல்ல, பயறு. ஆனாலும் சங்கிலி மூலக்கூறு ஒன்றை நம் அன்றாடச் சாப்பாட்டின் பக்குவத்தோடு இணைத்துப் பார்த்த அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். அதே நிறுவனத்தில் 2000-களில் முரளிகிருஷ்ணாவும் சுப்பா ராவும் இண்டாஃப்-15 கேழ்வரகை நான்கு நாள் முளைகட்ட வைத்து அதன் அராபினோசைலானைப் பிரித்துப் பார்த்தார்கள். முளைகட்டியதும் தண்ணீரில் கரையும் பங்கு கூடியது, சங்கிலியின் அமைப்பும் மாறியது. முளைகட்டிய மாவில் நாரின் அளவு ஒரு கதை சொல்லும், நீளம் வேறொரு கதை சொல்லும் என்பதை நம் மண்ணின் தானியத்திலேயே காணலாம்.

ஆற்றுக்கு வடக்கே கோவில்பட்டிக் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைகின்றன. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது, அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் நூறாண்டு கண்ட கல்லூரிகள் இருக்கின்றன. சிறுதானியம் சர்க்கரைக்கு நல்லது என்று மேடைதோறும் பேசுகிறோம். எந்த ரகம், எந்தப் பக்குவம், கூழாகக் கரைத்துப் புளிக்கவைத்த பின் சங்கிலி எவ்வளவு மிஞ்சுகிறது என்ற கேள்விகளுக்கு ரகவாரியாக விடை வேண்டும். முழுக் கருவி கிடைக்கும் வரை பாகுமானியும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தே தொடங்கலாம். முதுகலை மாணவர் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வுத் தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. ‘நார்ச்சத்து மிகுந்தது’ என்று அச்சடிக்கும் நிறுவனங்கள், கொழுப்பைக் குறைக்கும் என்றும் கூடச் சொன்னால், சங்கிலியின் அளவையும் அச்சடிக்கட்டும் என்று ஆணையம் கேட்க வேண்டும்.

வாங்குகிற உங்களுக்கு ஒரு வார்த்தை. தட்டை ஓட்ஸோ பார்லி அரிசியோ கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஓட்ஸ் பிஸ்கட்டையும் ஓட்ஸ் ரொட்டியையும் அதற்கு ஈடாக நினைக்காதீர்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள்.